யார் எங்கே உட்கார்ந்தார்கள்

"முன்னெல்லாம் லயத்தில் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து படம் பார்த்தோம். இப்போது ஆளுக்கொரு போனை வைத்துக்கொண்டு மூலைக்கொருவராகக் கிடக்கிறார்கள்." இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டப் பக்கத்தில், ஹட்டன் பஸ்ஸிலும் சரி, பதுளைச் சந்தையிலும் சரி, ஐம்பது வயதைத் தாண்டிய இருவர் சந்தித்தால் இந்தப் பேச்சு வராமல் போகாது. நானும் அந்த வயதுக்காரன்தான். நானும் இதைச் சொல்லியிருக்கிறேன். ஆனால் அந்த "ஒன்றாக" என்ற சொல்லைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது. ஒன்றாகத்தான் பார்த்தோம். யார் பாயில் உட்கார்ந்தார்கள், யார் வாசற்படியில், யார் வெளியே குளிரில் நின்று ஜன்னல் வழியாகப் பார்த்தார்கள் என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை.

மலையகத்துத் தோட்டங்களில் வீட்டுப் பொழுதுபோக்கு என்று ஒன்று வெகுகாலம் இருக்கவில்லை. காரணம் எளிது: வீடு இருக்கவில்லை. காம்பரா என்கிற பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை, அதற்கு முன்னால் இஸ்தோப்பு என்கிற ஒரு திண்ணை, சமைக்கப் புகை போக வழியில்லாத குசினி. அப்படிப்பட்ட காம்பராக்கள் வரிசையாக ஒட்டி நின்றால் அது லயம். எங்கள் லயத்தில் காம்பராவுக்கும் காம்பராவுக்கும் இடையிலிருந்த சுவர் தகரக் கூரையைத் தொடவில்லை. பக்கத்துக் காம்பராவில் குழந்தை இருமினால் இங்கே பாட்டி கைவைத்தியம் சொல்வாள். புருஷன் பெண்டாட்டி சண்டை போட்டாலும் அதற்கு ஆறு குடும்பம் சாட்சி. இப்படிப்பட்ட இடத்தில் தூங்கலாம், சமைக்கலாம், சாகலாம். பொழுதைப் போக்க வெளியேதான் வர வேண்டும்.

அந்த வெளிதான் காமன் கூத்து நடந்த இடம். மாசி அமாவாசை கழிந்து பிறை தெரிந்ததும் காமன் கம்பம் நடுவார்கள். ரதிக்கும் மன்மதனுக்கும் கல்யாணம், சிவனின் தவம் கலைவது, மன்மதன் எரிவது என்று இரவிரவாக நாட்கள் போகும். வேடம் கட்டுகிறவர்கள் காப்புக் கட்டி விரதம் இருப்பார்கள். ரதியாக ஆடுவதும் ஆண்தான். பொன்னர் சங்கர் கூத்தும், நெட்டை மரத்தின்மேல் ஏறி வரம் கேட்கும் அருச்சுனன் தபசும் இந்த வரிசையில் வரும். காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய் நின்றாக வேண்டிய உடம்புகள் விடிய விடியக் கண்விழித்து ஆடின. வேலை வாங்கும் கங்காணியும் தோட்டத்துத் துரையும் ஏவி முடித்த நாளில் மிஞ்சிய சில மணி நேரத்தில், அதே தொழிலாளி எமனாகவும் வீரபத்திரனாகவும் நின்று மிரட்டலாம். யாரும் பேர் வெட்டி அன்றைய சம்பளத்தைப் பறிக்க முடியாது.

இதையெல்லாம் எழுதும்போது எனக்கே மயிர்க்கூச்செறிகிறது. ஆனாலும் அந்த வட்டத்தில் யார் எங்கே இருந்தார்கள் என்றும் சொல்ல வேண்டும். தப்பு என்கிற பறையை அடித்தவர்கள் பெரும்பாலும் ஒரே சாதிக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். தப்பு இல்லாமல் கூத்து தொடங்காது. தப்படித்தவருக்கோ தேநீர் வேறு கோப்பையில் வந்த காலம் அது. பெரியவர்கள் முன்வரிசை, பையன்கள் சுற்றிலும், பெண்கள் இஸ்தோப்பின் நிழலில். வயதுக்கு வந்த பெண் அதற்கும் பின்னால். கூத்து முடிந்ததும் யார் யாரைப் பார்த்தார்கள் என்பது மறுநாள் மடுவத்தில் கொழுந்து நிறுக்கும்போது பேசப்படும். அன்று பொழுதுபோக்குக்குக் காவல் தேவைப்படவில்லை. ஊரே ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தது.

பாட்டைப் பொழுதுபோக்கு என்று மட்டும் நினைத்துவிடவும் கூடாது. 1930களில் கோ. நடேசய்யர் தோட்டத் தொழிலாளர்களைச் சங்கமாகத் திரட்டியபோது, அவருடைய மனைவி மீனாட்சி அம்மை தாமே பாட்டுக் கட்டிக் கூட்டங்களில் பாடினார். சம்பளத்தையும் கங்காணியின் கணக்கையும் பற்றிய பாட்டுகள் அவை. எழுதப் படிக்க வாய்ப்பில்லாத ஒரு சனத்துக்கு அரசியல் செய்தி காதுவழியாகத்தான் போக முடிந்தது.

அந்தக் காதைத்தான் பிறகு வானொலி பிடித்துக்கொண்டது. கொழும்பில் 1925இலேயே வானொலி தொடங்கிவிட்டாலும், லயத்துக்கு அது வந்து சேர நெடுங்காலம் ஆயிற்று. முதலில் கணக்கப்பிள்ளை வீட்டில் ஒன்று, பிறகு பெரிய கங்காணி வீட்டில் ஒன்று. டிரான்சிஸ்டர் வந்த பிறகுதான் தொழிலாளி கையில் ரேடியோ நின்றது. 1977க்குப் பிறகு இறக்குமதி திறந்துவிடப்பட்டபோது, ஜப்பான் ரேடியோ கெசட்டைத் தோளில் வைத்துக்கொண்டு லயத்துக் கோடியிலிருந்து மறுகோடிவரை நடப்பது இளந்தாரிகளின் மாலை வேலை ஆகிவிட்டது.

வானொலியைப் பற்றி எழுதுகிறவர்கள் அறிவிப்பாளர்களான மயில்வாகனத்தையும் கே.எஸ். ராஜாவையும் பி.எச். அப்துல் ஹமீதையும் சொல்லி நெகிழ்வார்கள். நியாயம்தான், தமிழ்நாட்டுக்காரர்களும் இலங்கை வானொலிக்குக் காதைத் தீட்டிக்கொண்டிருந்த காலம் அது. லயத்தில் நடந்த காரியம் வேறு. கூத்துக்கு ஒரு வட்டம் உண்டு, அந்த வட்டத்தில் ஒவ்வொருவருக்கும் ஓர் இடம் உண்டு. வானொலிக்கு இடமே இல்லை. குசினியில் ரொட்டி தட்டுகிறவளுக்கும், கூரைக்குக் கீழே சுவரில்லாத அந்த இடைவெளியால் பக்கத்துக் காம்பராவுக்கும், கீழ் லயத்தில் விறகு பிளக்கிறவருக்கும் ஒரே நேரத்தில் ஒரே பாட்டு. யார் வீட்டு ரேடியோ என்று பார்த்து யாரும் காதைப் பொத்திக்கொள்ளவில்லை. சாதி, வயது, ஆண் பெண் என்று இருக்கை பிரித்த ஓர் ஊரில், இருக்கையே வேண்டாத முதல் பொழுதுபோக்கு அதுதான். இதை நான் பெரிய விஷயமாக நினைக்கிறேன்.

ஒலி எல்லோருக்கும் பொது என்பதால் மௌனமும் பொதுவாக இருந்தது. லயத்தில் ஒரு சாவு விழுந்தால் எந்தக் காம்பராவிலும் ரேடியோ பாடாது. கருமாதி முடியும்வரை அடக்கி வாசிப்பார்கள். ஒருமுறை பையன் ஒருவன் மறதியாகக் குமிழைத் திருப்பிவிட்டான். அவனை அடிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. சாவு வீட்டுப் பெரியவரே வந்து இஸ்தோப்பில் பேசாமல் உட்கார்ந்திருந்தார். அது போதுமானதாக இருந்தது. இன்று காதுக்குள் செருகிக்கொண்டால் யார் அழுகிறார்கள், யார் பாட்டுக் கேட்கிறார்கள் என்று பார்த்துச் சொல்ல முடியாது.

தமிழர்களுக்கு எதிரான 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு ரேடியோவின் சத்தம் இன்னும் குறைந்தது. இரவு ஒன்பதே காலுக்கு லண்டனிலிருந்து வரும் பிபிசி தமிழோசையைக் கதவைச் சாத்திக்கொண்டு கேட்டவர்களை எனக்குத் தெரியும். பாட்டுக்கு அலறிய அதே பெட்டி செய்திக்கு முணுமுணுத்தது.

பிறந்தநாள் வாழ்த்தையும் சொல்லாமல் போக முடியாது. வானொலியில் குழந்தைகளின் பெயரைச் சொல்லி, அம்மா அப்பா, மாமா அத்தை என்று பட்டியல் வாசித்து வாழ்த்துவார்கள். அதற்குக் கடிதம் எழுத வேண்டும். கடிதம் எழுத முதலில் பிறந்த தேதி தெரிய வேண்டும். எங்கள் தாத்தாவுக்கு அது தெரியாது. "பெரிய மழை பெய்து மண் சரிந்த வருசம்" என்பதுதான் அவருடைய பிறந்தநாள். வேடிக்கையாக இருக்கிறது. ஆனால் 1948இன் குடியுரிமைச் சட்டம் இந்த மக்களிடம் கேட்டதே அதைத்தான்: நீ எங்கே பிறந்தாய், உன் தகப்பன் எங்கே பிறந்தான், கடதாசியைக் காட்டு. காட்ட முடியாதவர்கள் நாடற்றவர்கள் ஆனார்கள். 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை இந்தியாவுக்கும் இலங்கைக்கும் எண்ணிக்கையாகப் பங்குபோட்டது, லட்சக்கணக்கானவர்கள் கப்பலேறினார்கள். எஞ்சியவர்களின் கணக்கை முடிக்க 2003இல் இன்னொரு சட்டம் வேண்டியிருந்தது. அந்தத் தாத்தாவின் கொள்ளுப்பேத்திக்கு இன்று முதலாம் பிறந்தநாள் என்றால் மூன்றடுக்குக் கேக், படம் போட்ட பெனர், பேஸ்புக்கில் நூறு வாழ்த்து. "சம்பளத்துக்கு மீறின செலவு" என்று கிழவர்கள் முணுமுணுக்கிறார்கள். செலவு மீறியதுதான். ஆனால் பிறந்த தேதி இல்லாததால் நாட்டை இழந்த ஒரு குடும்பம், பிறந்த தேதியைச் சுவரளவுக்கு அச்சடித்து மாட்டுவதை வெறும் ஆடம்பரம் என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை.

இனி தொலைக்காட்சி. சுயாதீன தொலைக்காட்சி 1979 ஏப்ரலில் தொடங்கியது. அரசுத் தொலைக்காட்சியான ரூபவாஹினி ஜப்பான் உதவியோடு 1982 பிப்ரவரி 15இல் வந்தது. அதன் அலை நாடெங்கும் போக வேண்டுமென்று கோபுரத்தைப் பிதுருதாலகாலை மலைமேல் நட்டார்கள். 2524 மீட்டர், நாட்டின் மிக உயர்ந்த மலை. அந்த மலையைச் சுற்றியுள்ள தோட்டங்களில் பெரும்பாலான லயன்களுக்கு அப்போது மின்சாரம் கிடையாது. நாட்டுக்கே படம் அனுப்புகிற கோபுரத்தின் கால்மாட்டில் இருந்தவர்கள் குப்பி விளக்கில் இருந்தார்கள். அங்கேதான் கார் பெட்டரி வருகிறது. டவுனில் சார்ஜ் பண்ணிய பெட்டரியைச் சாக்கில் சுற்றித் தோளில் சுமந்து ஏறுவார்கள். ஞாயிற்றுக்கிழமைப் படம் பாதியில் இருக்கும்போது படம் நாலா பக்கமும் சுருங்கத் தொடங்கும். கடைசியில் நடுவில் ஒரு வெள்ளைப்புள்ளி. முடிவு என்ன ஆயிற்று என்று தெரியாமலே நான் பார்த்த படங்கள் ஒரு டஜன் இருக்கும்.

டிவி இருக்கையைத் திரும்பக் கொண்டுவந்தது. பெட்டி இருந்த வீட்டார் கட்டிலில், வேண்டியவர்கள் பாயில், பிள்ளைகள் தரையில், மற்றவர்கள் வாசலில், ஜன்னலில். சில வீடுகளில் பிள்ளைகளிடம் காசு வாங்கினார்கள். சில வீடுகளில் சிலருக்கு உள்ளே வரச் சொல்லி அழைப்பே கிடைக்காது. அவர்கள் வெளியே நிற்பதை யாரும் தடுக்கவும் மாட்டார்கள். கூத்தில் வட்டமாக இருந்த ஒழுங்கு இப்போது ஒரு காம்பராவுக்குள் புகுந்து, இன்னும் கூர்மையாகிவிட்டது. ஏனென்றால் திடல் எல்லோருக்கும் சொந்தம், காம்பராவோ ஒருவருடையது. "கண்ட நேரத்தில் வந்து நிற்கிறார்கள்" என்று ஒரு வீட்டுக்காரி அலுத்துக்கொண்டதைக் கேட்ட என் அம்மா, அன்றைக்கே ஒரு முடிவெடுத்தாள். எங்கள் வீட்டுக்குத் தவணையில் டிவி வந்த கதை அதுதான். மானம் என்பது எப்படியெல்லாம் மாதத் தவணையாக மாறும் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

பெண் பிள்ளை வயதுக்கு வந்த சடங்கு, கல்யாணம் என்றால் டிவியும் வீடியோ டெக்கும் வாடகைக்கு எடுத்து இரவெல்லாம் மூன்று படம் ஓட்டுவார்கள். அதையும் ஒரு வரியோடு விடுகிறேன். அனுபவித்தவர்களுக்கு மீதி தெரியும்.

ஆரம்பத்தில் தமிழ் நிகழ்ச்சிக்கு ஒதுக்கிய நேரம் கொஞ்சம். ஆகவே சிங்கள நாடகம் பார்த்தோம். பாடசாலை கற்றுத்தராத சிங்களத்தை ஒரு தலைமுறை அப்படித்தான் கற்றது. கொழும்புக் கடைகளுக்கு வேலைக்குப் போன பையன்களுக்கு அது சோறு போட்டது. 1998இல் சக்தி டிவி, 2009இல் வசந்தம் என்று முழுநேரத் தமிழ் அலைவரிசைகள் வந்தன. அதற்கிடையிலேயே தகரக் கூரைகளின்மேல் சட்டி அன்டனாக்கள் முளைத்துத் தமிழ்நாட்டுச் சீரியல்கள் இறங்கிவிட்டன. கூரை ஒழுகும், அதன்மேல் டிஷ் இருக்கும். இதைப் படமெடுத்துப் போட்டுச் சிரிக்கிறவர்கள் உண்டு. கூரையை மாற்றுவது நிர்வாகத்தின் கையில் இருந்தது, டிஷ் வாங்குவது அவர்கள் கையில் இருந்தது. கையில் இருந்ததைச் செய்தார்கள்.

சீரியல்தான் குடும்பத்தைக் கெடுத்தது என்பது இங்கேயும் எல்லாரும் சொல்லும் பேச்சு. மாமியார் மருமகள் சூது, கழுத்து நிறைய நகை, இந்தப் பக்கத்துத் தமிழை மறந்து சென்னைத் தமிழ் பேசும் பிள்ளைகள் எல்லாம் உண்மை. ஆனாலும் கொழுந்தெடுக்கிற பெண்ணின் நாளை ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும். விடியுமுன் எழுந்து அடுப்பு மூட்டி, ரொட்டி சுட்டு, பிள்ளையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டு, மலையேறி, கூடை சுமந்து, மடுவத்தில் வரிசையில் நின்று, பீலியில் தண்ணீர் பிடித்து வந்து, மறுபடி அடுப்பு. ஆண் மாலையில் உட்காருவான். சீட்டாட, குடிக்க, கோயில் கமிட்டி பேச. கூத்தில் அவள் நிழலில் நின்றாள். வானொலியை வேலை செய்துகொண்டே கேட்டாள். இரவு எட்டரைக்குச் சீரியல் வந்த பிறகுதான் அவள் முதல்முறையாக, தனக்காக, அரை மணி நேரம் உட்கார்ந்தாள். "கொஞ்சம் இரு, இது முடியட்டும்" என்று புருஷனுக்குச் சோறு போடுவதைத் தள்ளிவைத்த முதல் பெண் யாரென்று வரலாற்றில் இருக்காது. எங்கள் லயத்தில் அதற்குப் பெரிய சண்டை நடந்தது. சண்டைக்குப் பிறகு அந்த வீட்டில் டிவி குசினியிலிருந்து தெரியும்படி இடம் மாறியது. சமரசம் என்றால் அதுதான்: அவள் உட்காரவும் இல்லை, சீரியலை விடவும் இல்லை.

போன் இந்த இடப்பிரச்சினையையே இல்லாமல் ஆக்கிவிட்டதாகத் தோன்றும். பத்துக்குப் பன்னிரண்டு காம்பராவில் ஐந்து பேர் ஐந்து உலகத்தில் இருக்கலாம். சுவர் கட்ட இடமில்லாத வீட்டில் திரையே சுவர். தனக்கென்று ஓர் அறையை ஒருநாளும் அறியாத ஒரு பெண்ணுக்கு அந்த ஐந்தங்குல வெளிச்சம்தான் அறை. அதனால்தான் அதன்மேல் இவ்வளவு சந்தேகம். மகன் இரவு இரண்டு மணிவரை கேம் விளையாடினால் "கண் கெட்டுப்போகும்" என்பார்கள். மகள் பத்து மணிக்குத் திரையைப் பார்த்துச் சிரித்தால் "யாரோடு பேசுகிறாய்?" என்பார்கள். கூத்து வட்டத்தில் பின்வரிசையில் நின்ற அந்த வயதுக்கு வந்த பெண்ணைப் பார்த்த அதே கண் இது. முன்னே ஊர் முழுதும் பார்த்தது. இப்போது அண்ணனும் அப்பாவும் கடவுச்சொல்லைக் கேட்கிறார்கள்.

அதே அப்பாவுக்குக் கடன் கம்பெனியிலிருந்து வரும் குறுஞ்செய்தியை வாசித்துச் சொல்வதும் அந்த மகள்தான். சம்பளச் சீட்டில் என்ன பிடித்திருக்கிறார்கள் என்று பார்த்துச் சொல்வதும் அவள்தான். மூத்தவர் சொல்ல இளையவர் கேட்ட வீட்டில், இளையவரிடம் கேட்டுத்தான் மூத்தவர் காரியம் நடத்த வேண்டியிருக்கிறது. மரியாதை குறைந்துவிட்டது என்று பெரியவர்கள் வருந்துவதில் பாதி, இந்தத் தலைகீழ் மாற்றத்தின் கூச்சம் என்பது என் எண்ணம்.

வளைகுடா நாட்டில் வீட்டுவேலை செய்யும் தாய், இரவு போனில் முகம் காட்டிப் பிள்ளையைப் பாடம் படிக்கச் சொல்கிறாள். அந்த வீடுகளில் போனைப் பொழுதுபோக்கு என்று யாரும் சொல்ல முடியாது, அது அம்மா. 2020இல் கொரோனாவுக்காகப் பாடசாலைகளை மூடியபோது, இருந்த ஒரே போனை மூன்று பிள்ளைகள் பங்குபோட்டுச் சிக்னல் தேடி மலையுச்சிக்கு ஏறினார்கள். தோட்டத் தொழிலாளியின் தினச் சம்பளம் ஆயிரம் ரூபாய் ஆனதே 2021இல்தான். அதில் போன் ரீலோட்டுக்கு ஒரு பங்கு.

2022இல் பொருளாதார நெருக்கடியில் நாடே இருண்டபோது ஒரு வேடிக்கை நடந்தது. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணி நேரம்வரை மின்வெட்டு. டிவி நின்றது, பிறகு போனும் செத்தது. மாலையில் ஒவ்வொரு காம்பராவிலிருந்தும் ஆட்கள் இஸ்தோப்புக்கு வந்தார்கள். பழைய காலம் திரும்பிவிட்டதென்று நண்பர் ஒருவர் பூரித்து எழுதியிருந்தார். நான் அப்போது ஊரில் இருந்தேன். முதல் இரண்டு நாள் கதையும் சிரிப்பும்தான். மூன்றாம் நாள், யார் வீட்டு மருமகள் எத்தனை மணிக்கு வந்தாள் என்ற பேச்சு தொடங்கிவிட்டது. கரண்ட் வந்ததும் முதலில் உள்ளே போனவர்கள் இளம் பெண்கள்.

இந்திய வீடமைப்புத் திட்டத்தில் ஏழு பேர்ச் காணியோடு தனி வீடு கிடைத்தவர்களும் இருக்கிறார்கள்: 550 சதுர அடி, இரண்டு அறை, ஹோல், குசினி, கழிப்பறை. அந்த வீடுகளில் கதவு சாத்தும் பழக்கம் புதிதாக வந்திருக்கிறது. "சாத்தினால் தப்பாக நினைப்பார்களோ" என்று ஓர் அக்கா என்னிடம் கேட்டார். லயத்திலேயே இருக்கும் ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு அந்தக் கவலையும் இன்னும் வாய்க்கவில்லை.

கடைசியாக ஒன்று. "தோட்டக்காட்டான்" என்ற வசவுக்குப் பயந்து, கொழும்பில் வேலை செய்யும் பையன்கள் ஊர்ப் பெயரைக் கேட்டால் டவுன் பெயரைச் சொல்லிச் சமாளித்த காலம் ஒன்று இருந்தது. அவர்களின் பிள்ளைகள் இன்று தேயிலைச் செடிகளின் நடுவே நின்று ஆடி டிக்டாக்கில் போடுகிறார்கள். கூடையை மறைப்பதில்லை. அதே நேரம் வெளியூர் யூடியூப்காரர்கள் நிவாரணப் பொதியோடு வந்து, ஒழுகும் கூரையையும் அழும் கிழவியையும் படம்பிடித்துப் போகிறார்கள். பொழுதுபோக்க ஒரு வீடில்லாதிருந்தவர்களின் வீடே மற்றவர்களுக்குப் பொழுதுபோக்கு ஆகிவிட்டது. இந்த இரண்டில் யார் கையில் கேமரா இருக்கிறது என்பதைத் தவிர வேறு வித்தியாசம் இல்லை. அந்த ஒரு வித்தியாசம் எனக்குப் போதும்.

போன சித்திரை விடுமுறையில் என் தங்கை மகன் தன் அப்பாயியிடம் போனை நீட்டி, "ஒப்பாரி ஒன்று பாடுங்கள் அப்பாயி, பதிவு செய்கிறேன்" என்றான். கிழவிக்குக் கோபம் வந்துவிட்டது. "ஆள் இருக்கிற வீட்டில் ஒப்பாரியா? யாரைச் சாகச் சொல்கிறாய்?" அவன் விடவில்லை. தன் புருஷனுக்குப் பாடியது யாருக்கும் தெரியாமல் போய்விடுமோ என்று அவளுக்கும் ஓர் எண்ணம் இருந்திருக்க வேண்டும். கடைசியில் எழுந்து, வீட்டைத் தாண்டி, பீலியைத் தாண்டி, தேயிலை தொடங்கும் கோடிக்குப் போய் நின்றாள். அவன் போனைப் பிடித்துக்கொண்டான். இரண்டு வரிதான் பாடியிருப்பாள். கீழ் லயத்திலிருந்து நாலு பெண்கள் மாவுக் கையோடு மேலே ஓடி வந்தார்கள், "யாரு, யாரு?" என்று கேட்டுக்கொண்டு.